நோன்பிக்கு ஊர் வரும் சின்னக் குழந்தைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பங்குனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ் பேசும் ஊர்களில் மாரியம்மன் நோன்பிப் பேச்சு, அதாவது கோவில் திருவிழாப் பேச்சு, தொடங்கிவிடும். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பேரக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவதைப் பார்க்கலாம். நோன்பி முடிந்த மறுநாள் காலையில் என் அறை வாசலில் அதே குழந்தைகள் காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் அம்மாவின் தோளில் சாய்ந்து கிடப்பார்கள். சித்தூர் வட்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் குழந்தை மருத்துவராக இருக்கும் எனக்கு இந்தக் காட்சி ஒவ்வோர் ஆண்டும் மனத்தை வருத்துகிறது, ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளாகியிருக்கவே வேண்டியதில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் குழந்தையோடு உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவது பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது. கணவரின் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நோன்பிக்கு முதல் முறையாக அவனை அழைத்துப் போகிறோம். இரவு ரயிலில் போவது நல்லதா, பகலில் காரில் போவது நல்லதா? அவனுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டுமா? — வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: ரயிலிலேயே போங்கள், அதுவும் இரவில் போங்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். பயணத்தின் பெரும் பகுதியை அவன் தூக்கத்திலேயே கடந்துவிட்டால், மறுநாள் காலையில் ஊரில் இறங்கும்போது முகம் பார்க்கிற நிலையில் இருப்பான். பகலில் பத்து மணி நேரம் காருக்குள் கட்டிப்போட்டால், நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் அவனும் அழுது களைத்திருப்பான், நீங்களும் களைத்திருப்பீர்கள், வாசலில் ஆரத்தியோடு நிற்கும் உறவினர்களுக்குக் கிடைப்பது அந்த அழுகைதான்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ரயிலில் கட்டணம் இல்லை. படுக்கை வேண்டுமென்றால் பெரியவருக்குரிய முழுக் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்ய வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை உங்கள் உடம்போடு ஒட்டித்தான் தூங்குவான் என்பதால் தனிப் படுக்கைக்குச் செலவு செய்வதைவிட, உங்கள் இருவரில் ஒருவருக்காவது கீழ்ப் படுக்கை கிடைக்கும்படி பார்ப்பதே முக்கியம். முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது. நோன்பித் தேதி தெரிந்த அன்றே உட்கார்ந்து பதிவு செய்துவிடுங்கள். கீழ்ப் படுக்கையில் குழந்தையைச் சுவர்ப் பக்கமாகப் படுக்க வைத்து, நீங்கள் வெளிப் பக்கம் படுங்கள். நடுப் படுக்கையிலோ மேல் படுக்கையிலோ எவ்வளவு நெருக்கி அணைத்துக்கொண்டாலும் குழந்தையோடு படுக்க வேண்டாம். ஜன்னல் கதவை இறக்கும் முன் அவன் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவன் தினமும் போர்த்திக்கொள்ளும் போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்து மடித்த புதுப் போர்வையில் அவனுக்குப் பழக்கமான வாசனை இருக்காது. புது இடத்தில், புது வெளிச்சத்தில், ரயில் சத்தத்தில் கண் விழிக்கும் குழந்தை முதலில் தேடுவது அந்த வாசனையைத்தான். சாப்பாட்டுக்கு நெய் தடவிய இட்லியும் வாழைப்பழமும் போதும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். தாய்ப்பால் கொடுத்து வருகிறீர்கள் என்றால் பயணத்துக்காக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கச் சொல்கிறது. வெளியூரில் குழந்தைக்கு அதைவிடச் சுத்தமான உணவு கிடையாது.

நோன்பிக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். வந்த அன்றே கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், முதல் நாள் முழுவதும் அவன் அந்த வீட்டின் திண்ணையையும் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் பார்த்துப் பழகட்டும். திரும்பும் ரயிலையும் நோன்பி முடிந்த இரவுக்கே பதிவு செய்யாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: எங்கள் மகள் இரண்டரை வயதுக்காரி. ஒவ்வோர் ஓணத்துக்கும் தென்காசியிலிருந்து புனலூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் காரில் போவோம். சென்ற ஆண்டு வரை ஒன்றும் இல்லை. இந்த முறை ஆரியங்காவு மலைப்பாதையில் மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டாள். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டால் சரியாகுமா? மாத்திரை கொடுக்கலாமா? — வாசகர், தென்காசி

பதில்: முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது கூடவே கூடாது. திடீரென்று பிரேக் அடித்தால் எவ்வளவு பலமான கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. முன்புறக் காற்றுப் பை வெடித்து விரிந்தால் அந்த வேகமே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். பின் சீட்டில், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது கட்டாயம், மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து அல்ல, குழந்தைக்காகச் செய்யுங்கள்.

சென்ற ஆண்டு வராத வாந்தி இந்த ஆண்டு வந்ததில் வியப்பில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிதாகத்தான் வரும். அதற்குப் பிறகு தொடங்கி பன்னிரண்டு வயது வரை அதிகமாக இருக்கும். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு வளைந்து வளைந்து போகிறது என்று சொல்கிறது, முன் சீட்டின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ ஒன்றும் அசையவில்லை என்று சொல்கிறது. இந்த இரண்டு செய்திகளும் மோதுவதால்தான் குமட்டுகிறது. ஆகவே சாலை கண்ணுக்குத் தெரியும்படி அவள் இருக்கையை உயர்த்துங்கள், கைபேசியில் படம் காட்டுவதை மலை ஏறும் முன்பே நிறுத்துங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓர் இட்லி போதும். புளியரை தாண்டி வளைவுகள் தொடங்கும் முன் ஒருமுறை வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடம் அவளை நடக்க விடுங்கள். ஆரியங்காவிலும் தென்மலையிலும் மறுபடி நிறுத்துங்கள்.

பயண வாந்திக்குப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையை உடைத்து அவளுக்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் சில இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சையே அடக்கக்கூடியவை. அவள் அந்த வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறாள் என்பதால், எடை பார்த்து உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தாலொழிய வேண்டாம்.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை 1904-இல் போடப்பட்டது. அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மறுபடி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 49 கிலோமீட்டர் மலைப்பாதை. ரயில் மெதுவாகத்தான் போகும், ஆனால் காரைப் போல வெட்டி வெட்டித் திரும்பாது. குகைக்குள் நுழையும்போது இருட்டுவதையும், பதின்மூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது கீழே சாலையில் போகும் வண்டிகளையும் அவள் மடியில் இருந்தபடி பார்க்கட்டும். இரண்டரை வயதில் அவளுக்கு ஓணத்தில் பிடித்ததே அந்த ரயில்தான் என்று ஆகிவிடக்கூடும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒரு வயதும் பத்து மாதங்களும் ஆகின்றன. பெங்களூரில் நாங்கள் மூவர் மட்டும்தான். சென்ற தீபாவளிக்கு வண்ணாமடையில் என் மாமியார் வீட்டுக்குப் போனபோது யாரிடமும் போகாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டே அழுதான். மாமியார் கையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் கண் கலங்கிவிட்டார். 'யார்கிட்டயும் ஒட்ட விடாம வளர்த்திருக்கா' என்று பெரிய நாத்தனார் எல்லோர் முன்னாலும் சொன்னதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. குழந்தை பேசுவது கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கன்னடம். அங்கே அவன் வயதுக் குழந்தைகள் மலையாளமும் கலந்து பேசுகிறார்கள். நோன்பிக்குப் போகவே பயமாக இருக்கிறது. — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு எந்தக் குறையும் இல்லை, உங்கள் வளர்ப்பிலும் குறை இல்லை. ஏறத்தாழ எட்டு மாதத்தில் குழந்தைக்குத் தன்னுடையவர் யார், அல்லாதவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு வந்துவிடுகிறது. அதன் கூடவே அந்நியரைக் கண்டு அஞ்சுவதும் வருகிறது. சில குழந்தைகளிடம் அது இரண்டு வயதைத் தாண்டியும் இருக்கும். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வது அவனுடைய அறிவு சரியாக வளர்கிறது என்பதற்கு அடையாளம். உங்கள் மாமியாருக்கு அவன் பேரன், ஆனால் அவனுக்கு அவர் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கும் ஒரு முகம். இருவர் மேலும் தவறில்லை. இருவருக்கும் நடுவில் இருப்பது பழக்கக் குறைவு மட்டும்தான். அதைப் போக்க முடியும்.

இப்போதிருந்தே தொடங்குங்கள். தினமும் மாலையில் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் போதும், மாமியாரைக் கைபேசியில் வீடியோவில் அழையுங்கள். பேரனிடம் 'பேசு, பேசு' என்று அவர் கேட்க வேண்டாம். அவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். கோழிக்குத் தீனி போடுவதையும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதையும், பூப் பறிப்பதையும் காட்டட்டும். ஒரே ஒரு பாட்டை ஒவ்வொரு நாளும் பாடட்டும். ஊருக்குப் போய் இறங்கும்போது அவன் அந்தப் பாட்டை வைத்துத்தான் அப்பத்தாவை அடையாளம் காண்பான். வீட்டில் உறவினர்களின் நிழற்படங்களை அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டி வைத்து, 'இது அப்பத்தா, இது பெரிய அத்தை' என்று சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள்.

ஊருக்குப் போவதற்கு முன்பு உங்கள் கணவர் தன் அம்மாவிடம் பேச வேண்டும். இதை நீங்கள் பேசக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறேன். மருமகள் சொன்னால் அது குறையாகக் கேட்கும், மகன் சொன்னால் அது செய்தியாகக் கேட்கும். 'அம்மா, அவன் முதல்ல ஒரு மணி நேரம் யார்கிட்டயும் போக மாட்டான். நீங்க கையை நீட்டாம பக்கத்துல உட்கார்ந்து ஏதாவது செஞ்சுட்டு இருங்க, அவனே வருவான்' என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த அம்மா அதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்வார். கையை நீட்டி ஏமாந்து நிற்பதைவிட அது அவருக்கும் கௌரவம்.

வாசலில் இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொள்ளத்தான் செய்வார்கள். குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, கொஞ்சம் ஒதுங்கி உட்காருங்கள். அவன் கண்ணை யாரும் நேராகப் பார்த்துக் கொஞ்ச வேண்டாம். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால் போதும். ஒரு தாம்பாளத்தில் அவரைக்காயையோ மொச்சையையோ கொட்டி வைத்துக்கொண்டு மாமியார் உரிக்கத் தொடங்கினால், பத்து நிமிடத்தில் அவன் இறங்கி வந்து ஒரு காயை எடுப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். நான் என் வீட்டுக்கு வந்த எத்தனையோ குழந்தைகளிடம் இப்படித்தான் நெருங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பருப்பு அவன் வாய்க்குள் போகாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

'நீ கொஞ்ச நேரம் உள்ளே போ, பிள்ளை தானா சரியாயிடுவான்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவனிடம் சொல்லாமல் மறைந்து போவதுபோல் குழந்தையின் நம்பிக்கையைக் குலைப்பது வேறொன்றும் இல்லை. அதன் பிறகு நீங்கள் குளிக்கப் போனால்கூட அழுவான். போவதாயிருந்தால், 'அம்மா தண்ணி எடுத்துட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள்.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் குழந்தைகள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்டு வளர்கிறார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசிவிட்டு, பள்ளிக்குப் போகும் வயதில் தாமாகவே பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைகள் விளையாடுவதற்கு மொழி தேவைப்படுவதில்லை. மணலும் ஒரு கொட்டாங்கச்சியும் கிடைத்தால் போதும்.

பெரிய நாத்தனார் சொன்னது உங்களுக்கு வலித்தது நியாயம். ஆனாலும் இந்த முறை போங்கள். நீங்கள் போகாமல் இருந்தால் அந்த வார்த்தை உண்மை போல நின்றுவிடும், அதைவிட முக்கியமாக, அந்தப் பையனுக்கு ஓர் அப்பத்தா கிடைக்காமல் போய்விடுவார்.

கேள்வி: என் மகளும் மருமகனும் ஒன்றே கால் வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நோன்பிக்கு வருகிறார்கள். இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். எங்களுடையது தோட்டத்துக்குள் பழைய வீடு. கிணறு, மாட்டுக் கொட்டகை எல்லாம் உண்டு. நான் என்னென்ன பார்த்து வைக்க வேண்டும்? — ஓர் அம்மிச்சி, எருத்தேம்பதி

பதில்: அம்மா, நீங்கள் இப்படி முன்கூட்டிக் கேட்டதே எனக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வருகிறவர்களுக்குத்தான் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள், வரவேற்கிறவர்கள் கேட்பதில்லை.

தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து, உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாதவை அப்போது தெரியும். கட்டிலுக்கு அடியில் எலிப் பாஷாணம் இருக்கும். அப்புச்சியின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஜன்னல் திட்டில் இருக்கும். சோடா பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் கொட்டகை மூலையில் இருக்கும். குழந்தை அதைத் தண்ணீர் என்றுதான் நினைக்கும். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை வேறு ஒரு பூட்டிய அறைக்கு மாற்றிவிடுங்கள். தப்பித் தவறி மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

கிணற்றைப் பற்றி நீங்களே கேட்டுவிட்டீர்கள். கைப்பிடிச் சுவர் குட்டையாக இருந்தால் மேலே கம்பி வலை போடுங்கள். ஆனால் கிணற்றைவிட நான் அதிகம் பயப்படுவது குளியலறை வாளியையும் மாட்டுத் தொட்டியையும்தான். ஒன்றே கால் வயதுக் குழந்தை தலை கனத்து, குனிந்தால் தலைகீழாக விழும். ஒரு சாண் தண்ணீரே அவளுக்கு அதிகம். விழும்போது சத்தமும் வராது. அவள் இருக்கும் நாள்களில் பயன்படுத்தி முடித்த வாளியைக் கவிழ்த்து வைக்க எல்லோரையும் பழக்குங்கள்.

நோன்பி நாளில் குத்துவிளக்கைத் தரையில் வைக்காமல் பீடத்தின் மேல் வையுங்கள். பாயசம் இறக்கும் உருளியைக் கூடத்தில் தரையில் வைத்துவிட்டு 'ஆறட்டும்' என்று விட்டுவிடுவோம். கொதிக்கும் பாயசம் தண்ணீரைவிடக் கடுமையாகச் சுடும், ஒட்டிக்கொண்டு இறங்காது. சுட்டுவிட்டால் பதினைந்து இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மையும் பற்பசையும் மஞ்சளும் பூச வேண்டாம்.

தண்ணீர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பதிமுகம் என்ற மரச் சீவலைப் போட்டோ சீரகம் போட்டோ கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்கக் கொடுப்போம், நல்ல வழக்கம்தான். ஆனால் விருந்து நாளில் கூட்டம் அதிகமாகிவிட்டால், சூடான தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து சீக்கிரம் ஆற்றிவிடுகிறார்கள். அந்த ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரிலேயே மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் வந்துவிடலாம். பேத்திக்கு மட்டுமாவது முந்திய இரவே கொதிக்க வைத்து, மூடி வைத்துத் தானாக ஆறவிட்ட தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வையுங்கள்.

அவள் வாயில் எதையாவது கொடுக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். நேந்திரங்காய் உப்பேரி, முறுக்கு, வறுத்த கடலை, முழு முந்திரி, முழுத் திராட்சை இவற்றையெல்லாம் எட்ட வையுங்கள். மூச்சுக் குழலில் அடைக்கும். குழைந்த சோறும் பருப்பும் நெய்யும், நசுக்கிய பழமும் கொடுக்கலாம்.

மருமகன் பேத்தியை பைக்கில் முன்னால் நிற்க வைத்துக் கடைவீதிக்கு ஒரு சுற்றுக் கூட்டிப்போக ஆசைப்பட்டால், நீங்கள் தடுத்துவிடலாம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் இரு சக்கர வண்டியில் ஏற்றக் கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. இது 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சொல்லும் தைரியம் உங்களுக்கு வராவிட்டால், டாக்டர் சொன்னார் என்று என்மேல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: நெம்மாறை – வல்லங்கி 'வேலை' என்ற கோவில் திருவிழாவுக்கு இரண்டு வயதுக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா? என் தாய்மாமன் வீடு அங்கே பக்கத்தில்தான். — வாசகி, பொள்ளாச்சி

பதில்: தாய்மாமன் வீட்டுக்குத் தாராளமாகப் போங்கள். யானைகள் அணிவகுக்கும் இடத்துக்கும் வெடிக்கட்டு என்ற வாணவேடிக்கை நடக்கும் வயலுக்கும் குழந்தையைத் தூக்கிப்போக வேண்டாம். மலையாள மீன மாதம் 20-ஆம் நாள், ஏப்ரல் தொடக்கத்தில், பாலக்காட்டு வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. கூட்டத்தில் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கும் குழந்தைக்குக் காற்றே கிடைக்காது. நெம்மாறை, வல்லங்கி என்ற இரண்டு ஊராரும் போட்டி போட்டு விடும் வெடிச் சத்தம் பெரியவர் நெஞ்சையே அதிர வைக்கும், பிஞ்சுக் காது அதைத் தாங்காது. 2016 ஏப்ரலில் பரவூர் புற்றிங்கல் கோவிலில் நடந்த வெடி விபத்தில் நூறு பேருக்கு மேல் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. காலையில் வெயில் ஏறும் முன்பு பந்தலை ஒருமுறை காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மாலையில் யாராவது ஒருவர் குழந்தையோடு வீட்டில் இருக்கட்டும். அந்த ஒருவர் எப்போதும் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: ஒரே வருகையில் மொட்டை, காதுகுத்து, நோன்பி மூன்றையும் முடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மகளுக்கு ஒன்றரை வயது. தடுப்பூசியும் ஒன்று பாக்கி இருக்கிறது. — வாசகி, திருப்பூர்

பதில்: எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுவது அரிது என்பதால் இப்படி நினைப்பது இயற்கைதான். மூன்றையும் ஒரே வருகையில் முடிக்கலாம், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். மொட்டையும் காதுகுத்தும் காலையில், குழந்தை தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, தாய்மாமன் மடியில் ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். அன்று அதோடு சரி. நோன்பி வேறொரு நாளில் வரட்டும். மொட்டைக்குப் புது பிளேடு, அவளுக்கென்று பிரித்தது, வேண்டும். காதுகுத்தும் ஊசியும் அப்படியே. பதினாறு மாதம் முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசிகளை ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். கிளம்பும் நாளன்று போட்டால், ஊசியால் வந்த காய்ச்சலா, வேறு காய்ச்சலா என்று ரயிலில் உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

என் சொந்த வாழ்க்கையில் இதில் நான் தவறியிருக்கிறேன். என் மூத்த மகளுக்கு ஒன்றே முக்கால் வயதில் என் தம்பி கல்யாணம் வந்தது. நான் அப்போதே மருத்துவர். ஆனாலும் அக்கா என்ற முறையில் நின்று செய்ய வேண்டியவை இருந்ததால், மூன்று இரவு அவளைத் தோளிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பந்தியில் யார் யாரோ ஊட்டினார்கள், நான் பார்க்கவில்லை. முகூர்த்தம் முடிந்த மாலையில் அவள் கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, அழுதாலும் கண்ணீர் வராமல் கிடந்தாள். தாலி கட்டியதை நான் பார்த்தேனா என்பதே எனக்கு நினைவில்லை. அந்தக் கண்ணீர் இல்லாத அழுகை மட்டும் நினைவிருக்கிறது.

கேள்வி: பயணத்தில் என்ன மருந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டும்? — வாசகர்கள் பலர்

பதில்: இரண்டே இரண்டு போதும்: காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும், வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொட்டலமும். பாராசிட்டமாலில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வகையில் வருகிறது. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். அது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி. ஊரில் வீட்டில் இருந்த வேறொரு பாட்டிலை எடுத்து, பழகிய அதே அளவில் ஊற்றிவிட்டால் மருந்து இரண்டு மடங்காகிவிடும், அல்லது பாதியாகிவிடும். சொட்டு மருந்தோடு மாறிப்போனால் இன்னும் மோசம். ஆகவே உங்கள் பாட்டிலையே கொண்டு போங்கள், அளவை மேல் அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைதான், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சளி மருந்து, இருமல் மருந்து எதுவும் மருத்துவர் எழுதாமல் வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்தது என்று அச்சிட்ட பெரிய பொட்டலத்தையே வாங்குங்கள். அதை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கண்ணளவாகப் போடுவது ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று எண்ணிக் கொடுத்துவந்தார்கள். அந்தப் பெயரை அவற்றின்மேல் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சர்க்கரை அதிகமான பானம் வயிற்றுப்போக்கைக் கூட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, ஸ்பூனால், நிதானமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, கூப்பிட்டால் சோர்ந்து கிடக்கிறான், மலத்தில் ரத்தம் இருக்கிறது, எதைக் கொடுத்தாலும் குடிக்க மறுக்கிறான் — இவற்றில் ஒன்று இருந்தாலும் நோன்பி நடந்துகொண்டிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். ரயிலில் இருந்தால் 139-ஐ அழைத்துச் சொல்லுங்கள், அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். ஊரில் இருந்தால், கிளம்பும் முன்பே குழந்தையைக் கவனிக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது, இரவில் அங்கே மருத்துவர் இருப்பாரா என்று உறவினரிடம் கேட்டுக் குறித்து வைத்திருங்கள். தடுப்பூசி அட்டையின் பின்புறத்தில் எழுதி வைத்தால் நடு இரவில் தேட வேண்டியிருக்காது.